பி.எஸ்சி மேத்ஸா, பி.ஏ எகனாமிக்ஸா, பி.காமா? மேத்ஸையும் எகனாமிக்ஸையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கா?

மலைச்சாரல் (ஏற்காடு):

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் மேத்ஸ் குரூப், அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். வகையீடு, தொகையீடு, நிகழ்தகவு மூணும் நல்லா வரும். ஆனா கணக்குக்காக மட்டும் கணக்கு படிக்க மனசு வரலை. விலை ஏன் ஏறுது, வட்டியை எப்படிப் போடறாங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எங்கேருந்து லாபம் வருது, இதுல எல்லாம் கணக்கு எப்படி உள்ள இருக்குன்னு தெரிஞ்சுக்கணும்.

சேலத்துல அரசு கலைக் கல்லூரியில விண்ணப்பம் போடப் போறேன். பி.எஸ்சி மேத்ஸ், பி.ஏ எகனாமிக்ஸ், பி.காம் மூணுல எதை முதல் விருப்பமா குடுக்கலாம்? மேத்ஸ் எடுத்தா பின்னாடி எகனாமிக்ஸ் எம்.ஏ சேர விடுவாங்களா? மேத்ஸ்ல எந்தப் பேப்பர் இந்தப் பக்கம் உதவும், எது உதவாது? விவரமா சொன்னா உதவியா இருக்கும்.


செர்ரி ரோடு:

தங்கச்சி, மேத்ஸை முதல் விருப்பமா போடு.

எகனாமிக்ஸையும் அக்கவுண்ட்ஸையும் புத்தகம் வெச்சு, கடைத்தெருவைப் பாத்து, ஓரளவு தானா கத்துக்க முடியும். ஒரு தேற்றத்தை வரி வரியா நிரூபிக்கிற பழக்கம் அப்படித் தானா வராது. யாராவது உன் நோட்டைப் பாத்து, "இந்த வரியிலேருந்து அடுத்த வரி எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டுக் கேட்டுத்தான் வரும். அப்படிக் கேக்க ஆள் இருக்கறது கல்லூரி படிக்கிற மூணு வருஷம்தான். அதனால கஷ்டமானதை வகுப்புல படி, மத்ததை வெளியில சேத்துக்கோ.

நீ வட்டியைக் கேட்டதால அதுலயே ஆரம்பிக்கிறேன். நம்ம ஊர்ல தண்டல் தெரியும்ல? பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு கையில 9,000 குடுப்பாங்க. நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டணும். "பத்துக்கு ஒண்ணு, பத்து சதவீதம்தானே"ன்னு வாங்கறவங்க நினைப்பாங்க. சரியான கணக்கு இது: நூறு தவணையையும் இன்னிக்கு மதிப்புக்குக் கொண்டுவந்தா கூட்டுத்தொகை 9,000 வரணும். எந்த நாள் வட்டியில அது நடக்கும்? 0.2 சதவீதம்னு வெச்சுப் பாத்தா 9,055 வருது, 55 ரூபாய் அதிகம். அப்போ வட்டி இன்னும் ஏறணும். 0.2126 சதவீதத்துல 9,000 வந்து நிக்கும். 365ஆல பெருக்கினா வருஷத்துக்கு ஏறக்குறைய 77.6 சதவீதம்; கூட்டு வட்டியாப் போட்டா 117. முதல் நாள்லேருந்தே அசல் திரும்பிக்கிட்டே இருக்கு, முழுப்பணமும் நூறு நாளும் உன் கையில இல்லை. அதனாலதான் இவ்வளவு வித்தியாசம்.

இந்த வட்டியை நேரா ஒரு சூத்திரத்துல போட்டு எடுக்க முடியாது. ஊகம் போட்டுத் திருத்தித் திருத்தித்தான் எடுக்கணும். அதுக்கு ஒரு வழிதான் நியூட்டன் ராப்சன் முறை, பி.எஸ்சி மேத்ஸ்ல நியூமெரிக்கல் மெதட்ஸ் பேப்பர்ல வரும். பரீட்சையில மூணடுக்குச் சமன்பாட்டுக்கு மூலம் கண்டுபிடிக்கச் சொல்லுவாங்க. அதே முறையைத் தண்டலுக்கும் ஏலச்சீட்டுக்கும் வண்டி லோனுக்கும் நீயே போட்டுப் பாக்கணும். 5 லட்சம், மூணு வருஷம், 12 சதவீதம் 'ஃப்ளாட்'னா (கடைசி வரைக்கும் முழு அசலுக்கும் வட்டி) மாசத் தவணை 18,889. அதே 12 சதவீதம் குறையும் அசல் மேலன்னா 16,607. ஃப்ளாட்டோட உண்மையான வருஷ வட்டி 21 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பி.காம்ல இதுக்கு எக்செல்ல ஒரு ஃபங்ஷன் சொல்லிக் குடுப்பாங்க, அதுவும் வேணும். ஆனா சில பணவரத்துக்கு (நடுவுல ஒருதடவை பணம் போய், மறுபடி வந்து, மறுபடி போனா) ரெண்டு வட்டி விகிதம் விடையா வரும், இல்ல ஒண்ணுமே வராது. எக்செல் அப்போ ஏதோ ஒண்ணைக் காட்டும், இல்லன்னா பிழைன்னு காட்டும். ஏன்னு புரியறதுக்கு மேத்ஸ் படிச்சிருக்கணும்.

அடுத்தது ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (ஓ.ஆர்), இருக்கற வளத்தை வெச்சு சிறந்த முடிவைக் கண்டுபிடிக்கிற கணக்கு. நம்ம ஊரு கொலுசுப் பட்டறையையே எடுத்துக்கோ, எண்கள் சும்மா பேச்சுக்கு. வாரத்துக்கு 6,000 கிராம் வெள்ளி, 200 மணி நேர ஆள் வேலை. கனமான கொலுசு ஜோடிக்கு 120 கிராம், 5 மணி, லாபம் 900. மெல்லிசு ஜோடிக்கு 100 கிராம், 2.5 மணி, லாபம் 600. எதை எத்தனை ஜோடி செஞ்சா லாபம் அதிகம்? விடை: கனமானது 25, மெல்லிசு 30, லாபம் 40,500. பரீட்சைக்கு இதோட முடிஞ்சுடும். எகனாமிக்ஸ் இங்கேதான் ஆரம்பிக்குது. இதோட டூயல் கணக்கை (இதையே திருப்பி, ஒவ்வொரு வளத்துக்கும் மதிப்புப் போடற கணக்கு) போட்டா வெள்ளிக்கு கிராமுக்கு 3.75, வேலை மணிக்கு 90னு வரும். இதுதான் நிழல் விலை. கூலி போக, இன்னும் ஒரு மணி நேரம் வேலை கிடைச்சா லாபம் 90 ரூபாய் ஏறும். அப்போ ஓவர்டைமுக்கு வழக்கமான கூலிக்கு மேல மணிக்கு 90 வரைக்கும் குடுத்தாலும் நஷ்டமில்லை.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. அந்த 90 எப்பவும் 90 கிடையாது. வெள்ளி அதே 6,000 கிராம்னா, வேலை நேரம் 150லேருந்து 250 மணி வரைக்கும்தான் அது செல்லும். 250க்கு மேல போனா வெள்ளிதான் தட்டுப்பாடு, கூடுதல் மணிக்கு மதிப்பு பூஜ்ஜியம். இந்த எல்லையை நீயே கண்டுபிடிச்சுப் பாரு, ரெண்டு சமன்பாடுதான்.

பேப்பர்களைப் பத்திக் கேட்டியே. லீனியர் அல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ், பல மாறி வகையீடு, புள்ளியியல், நிகழ்தகவு, ஓ.ஆர். இந்த ஆறும் தூண். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் ஓரளவு. ஸ்டாட்டிக்ஸ், டைனமிக்ஸ், காம்ப்ளெக்ஸ் அனாலிசிஸ் இந்தப் பக்கம் அவ்வளவா வராது, மார்க் வாங்கிட்டு நகர்ந்துடு. அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா நேரா உதவாட்டியும் நிரூபிக்கிற பழக்கத்துக்கு நல்ல உரம்.

துணைப்பாடமா (முன்னாடி அல்லைடுன்னு சொன்னது) இயற்பியல், வேதியியல், புள்ளியியல்னு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். புள்ளியியல் கிடைக்கிற கல்லூரியையே முன்னாடி வை. இதைச் சேர்றதுக்கு முன்னாடி துறையிலயே போய்க் கேட்டுடு, சேர்ந்தப்புறம் மாத்த முடியாது.

ரியல் அனாலிசிஸை மனப்பாடம் பண்ணினா எல்லாமே வீண். பத்து மார்க் தேற்றம் இருபது இருக்கும், கேள்வி வங்கியைப் பாத்து உருப்போட்டு எழுதினா பாஸாயிடலாம், அதுதான் ஆபத்து. ஒரு தேற்றம் படிச்சா அதுல இருக்கற நிபந்தனையில ஒண்ணை எடுத்துட்டு, தேற்றம் உடையற உதாரணம் ஒண்ணு தேடு. மூடிய, வரம்புக்குட்பட்ட கணத்துல தொடர்ச்சியான சார்புக்கு உச்சமதிப்பு உண்டுன்னு ஒரு தேற்றம். 'வரம்புக்குட்பட்ட'ங்கறதை எடுத்துடு. எகனாமிக்ஸ்ல அதுக்கு என்ன அர்த்தம்? ஒரு பொருளோட விலை பூஜ்ஜியம், எவ்வளவு வேணா எடுத்துக்கலாம். அப்போ நுகர்வோருக்குத் 'திருப்தி உச்சம்'னு ஒண்ணே இல்லாம போயிடும். நுகர்வோர் கோட்பாட்டுல விலை எல்லாம் பூஜ்ஜியத்துக்கு மேலன்னு முதல் வரியிலயே எழுதறாங்களே, காரணம் இதுதான்.


ஐந்து ரோடு:

செர்ரி ரோடு சொன்னதில் பெரும்பகுதிக்கு உடன்படுகிறேன். ஆனால் பொருளியலைத் "தானா கத்துக்கலாம்" என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. கணிதம் படித்துவிட்டு வருபவர்கள் பொருளியலில் சறுக்குவது கணக்கில் அல்ல, கேள்வியில்.

ஓர் உதாரணம். உழவர் சந்தையில் ஒரு வருடத்துக்குத் தினசரி தக்காளி வரத்தையும் விலையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிகளை வரைந்து, மீச்சிறு வர்க்க முறையில் கோடு போட்டால் அழகாகப் பொருந்தக்கூடும். கணித மாணவர் அந்தக் கோட்டைப் பார்த்து, "இதுதான் தேவைக் கோடு" (எந்த விலைக்கு மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்பது) என்பார். இல்லை. ஒவ்வொரு புள்ளியும் அன்றைய தேவையும் அன்றைய வரத்தும் வெட்டிக்கொண்ட இடம். இரண்டுமே நாளுக்கு நாள் நகர்கின்றன. கல்யாண மாதத்தில் தேவை நகர்கிறது, மழை அடித்தால் வரத்து நகர்கிறது. புள்ளிகளின் வழியே போன கோடு இரண்டில் எதுவும் இல்லை, இரண்டின் கலவை. தேவைக் கோட்டை மட்டும் பிடிக்க வேண்டுமானால், வாங்குபவரைத் தொடாமல் வரத்தை மட்டும் அசைக்கும் ஏதாவது வேண்டும். விளையும் ஊரில் பெய்த மழை போல. பொருத்தம் 90 சதவீதம் என்று கணினி காட்டினாலும் இந்தக் குறை தீராது, ஒரு வருடத் தரவைப் பத்து வருடமாக்கினாலும் தீராது. இது எகனாமெட்ரிக்ஸின் (தரவை வைத்துப் பொருளியலை அளக்கும் துறையின்) அரிச்சுவடி. பி.எஸ்சி கணிதப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. நீங்கள்தான் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பி.ஏ பொருளியல் வகுப்புகளில் பிளஸ் டூவில் கணிதமே எடுக்காத மாணவர்களும் இருப்பார்கள். அதனால் பாடம் வரைபடத்தோடும் விளக்கத்தோடும் நின்றுவிடும். வளர்ச்சிப் பொருளியல், இந்தியப் பொருளாதாரம், பொது நிதி ஆகியவை அங்கே நன்றாகக் கிடைக்கும். ஆனால் நல்ல முதுநிலை நுழைவுத் தேர்வுக்குத் தேவையான கணிதம் கிடைக்காது. வகையீடு நன்றாக வரும் ஒருவர் அங்கே போய் மூன்று வருடம் அதைத் தொடாமல் இருந்தால் அது துருப்பிடித்துவிடும்.

கணிதப் பட்டத்தோடு பொருளியல் முதுநிலை சேரலாமா என்றால், சேரலாம். மும்பையில் ரிசர்வ் வங்கி 1987இல் நிறுவிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவிலும் டெல்லியிலும் குவான்டிடேட்டிவ் எகனாமிக்ஸ் நடத்தும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம், நிதிப் பொருளியலும் ஆக்சூரியல் (காப்பீட்டு இடர்க் கணக்கு) பொருளியலும் நடத்தும் சென்னை மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தேர்வில் ஒரு தாள் முழுக்கக் கணிதம், மற்றது பொருளியல். சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகையும் உண்டு. முதுநிலைச் சேர்க்கைக்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வில் பொருளியல் தாள் இருக்கிறது: 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரு விடை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள். பல விடைக் கேள்விக்கும் எண்ணை நேரடியாக எழுதும் கேள்விக்கும் கழிவு இல்லை. கணிதக்காரர்கள் எண் விடைப் பகுதியில் நேரத்தைப் போட வேண்டும்.

ஜாம் பிப்ரவரியில் வரும். பல கல்லூரிகளில் ரியல் அனாலிசிஸும் லீனியர் அல்ஜீப்ராவும் மூன்றாம் ஆண்டில்தான் வருகின்றன. அதுவரை காத்திருந்தால் தேர்வுக்கு நேரம் போதாது. நான்காம் செமஸ்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.

அரசு வேலை எண்ணம் இருந்தால் சில வாசல்களை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுத பொருளியல் சார்ந்த முதுநிலைப் பட்டம் கட்டாயம், வெறும் பி.எஸ்சி கணிதம் போதாது. இந்தியப் புள்ளியியல் பணிக்கு இளநிலையில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தாலே எழுதலாம். துணைப்பாடத் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெரியும். மதிப்பெண் பட்டியலில் 'புள்ளியியல்' என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். பி.எஸ்சி கணிதம், எம்.ஏ பொருளியல் என்றால் 'கிராஸ் மேஜர்' சிக்கலில் மாட்டுவீர்கள். பள்ளி ஆசிரியர் ஆவதுதான் குறிக்கோள் என்றால் இந்தப் பாதை வேண்டாம். கல்லூரி ஆசிரியர் பணிக்கு முதுநிலைப் பாடமும் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும்தான் பார்க்கப்படும்.

கணிதத்திலிருந்து பொருளியலுக்குப் போவது புதிய பாதையும் அல்ல. பொருளியல் அறிஞர் டி. என். சீனிவாசன் சென்னையில் கணிதம் படித்துவிட்டுத்தான் யேல் பல்கலைக்கழகத்தில் 1962இல் பொருளியலில் முனைவர் ஆனார்.


செவ்வாய்ப்பேட்டை:

பாப்பா, ஒரு விஷயத்தை யாரும் கேக்கலை. மூணு வருஷம் முடிஞ்சதும் சம்பாதிச்சாகணுமா, இல்ல இன்னும் ரெண்டு வருஷம் படிக்க வீட்டுல தாங்குமா? உடனே வேலை வேணும்னா பி.காம்தான் சேலத்துல சோறு போடும். லீ பஜார் மண்டி, ஜவ்வரிசி ஆலை, ஜவுளிக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் எல்லாத்துக்கும் ஜி.எஸ்.டி ரிட்டர்னும் டேலியும் தெரிஞ்ச ஆள் தேவை. பி.எஸ்சி மேத்ஸோட நின்னா டியூஷன் எடுக்கலாம், பேங்க் பரீட்சை எழுதலாம், அதுக்கு மேல சேலத்துக்குள்ள நேரடி வேலை குறைவு. மேத்ஸ் எடுத்தா மேல படிச்சே ஆகணும்னு மனசுல வெச்சுக்கோ.

சி.ஏ. மேல கண்ணு இருந்தாலும் மேத்ஸ் தடையில்லை. பி.காம்காரங்க 55 சதவீதம் எடுத்தா முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாம நேரா இன்டர்மீடியட் போகலாம், மத்த பட்டதாரிங்களுக்கு 60. ஆனா மேத்ஸ் படிச்சுட்டு வர்றவங்க அக்கவுண்டிங்ல முதல் ஆறு மாசம் திணறுவாங்க. பற்று எது, வரவு எதுங்கறதைத் தர்க்கமா யோசிச்சா குழம்பும். சொத்து சமம் கடனும் முதலும்ங்கற ஒரே சமன்பாட்டைப் பிடிச்சுக்கிட்டு, தினமும் இருபது பதிவு எழுதினா ரெண்டு மாசத்துல கை பழகிடும்.


மலைச்சாரல் (ஏற்காடு):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேல படிக்க வீட்டுல சம்மதம்தான், செலவுதான் யோசனை. இன்னும் மூணு கேள்வி. ஆக்சூரின்னு சொல்றாங்களே, அது பி.எஸ்சி படிக்கும்போதே எழுதலாமா? மேத்ஸும் எகனாமிக்ஸும் ரெண்டு டிகிரியா ஒரே நேரத்துல படிக்கலாம்னு கேள்விப்பட்டேன், நிஜமா? தினமும் மலையிலேருந்து பஸ்ல போய்வந்து படிக்க முடியுமா?


கூட்டல்_கழித்தல்:

ஆக்சூரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிளஸ் டூ முடித்ததுமே தொடங்கலாம். இந்திய ஆக்சூரிகள் நிறுவனம் நடத்தும் 'ஏசெட்' நுழைவுத் தேர்வு முதல் படி. கணிதம், புள்ளியியல், தரவு விளக்கம், ஆங்கிலம், தர்க்கம் ஆகியவை பாடம். கணிதப் பகுதி உங்கள் பிளஸ் டூ புத்தகத்தை ஒட்டியே வரும்; தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு ஆங்கிலப் பகுதிக்குத்தான் தனி உழைப்பு வேண்டும்.

அதைத் தாண்டினால் அடிப்படைத் தாள்கள் ஏழு. புள்ளியியலில் சிஎஸ்1, சிஎஸ்2. நிதிக் கணிதத்தில் சிஎம்1, சிஎம்2. வணிகத்தில் சிபி1, சிபி2, சிபி3 (ஆங்கிலத்தில் CB). பிறகு மூன்று நடைமுறைத் தாள்கள், இரண்டு சிறப்புத் தாள்கள், கடைசியாக ஒரு உயர்நிலைத் தாள். ஃபெல்லோ (முழுத் தகுதி பெற்ற ஆக்சூரி) ஆக மொத்தம் 13. தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை. பி.எஸ்சி கணிதக்காரர் முதலில் எழுத வேண்டியது சிஎஸ்1, அடுத்து சிபி2. முதலாவது நீங்கள் படிக்கும் புள்ளியியலின் விரிவு. அதன் இரண்டாம் பகுதியைக் கணினியில் 'ஆர்' மொழியில் எழுத வேண்டும். சிபி2 பொருளியல், அதைப் படித்தால் நீங்கள் ஆசைப்பட்ட பாடமும் முறையாக முடிந்துவிடும். பிறகு சிஎம்1, அதன் இரண்டாம் பகுதி எக்செல்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு லாபம் எங்கிருந்து என்று கேட்டீர்கள். பேச்சுக்கு, ஒரு வயதினரில் ஆயிரத்துக்கு ஒருவர் வருடத்தில் இறக்கிறார் என்று வையுங்கள். காப்பீடு 10 லட்சம் என்றால் ஒருவருக்குச் சராசரிச் செலவு 1,000 ரூபாய். பாலிசி 10,000 என்றால் எதிர்பார்க்கும் இறப்பு 10, திட்டவிலக்கம் ஏறக்குறைய 3.2. அதாவது செலவு மூன்றில் ஒரு பங்கு மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். இது சாதாரணமாக நடக்கக்கூடியதே. பாலிசி 10 லட்சம் ஆனால் எதிர்பார்ப்பு 1,000, திட்டவிலக்கம் 31.6, ஆட்டம் 3 சதவீதம்தான். அதனால் பெரிய கம்பெனி 1,000 ரூபாய்க்கு மேல் சிறிய தொகையை ஏற்றினாலே பாதுகாப்பாக இருக்கும். இதுதான் பெரும் எண்களின் விதி. ஆனால் இதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஒருவரின் இறப்பும் இன்னொருவரின் இறப்பும் தொடர்பற்றவையாக இருக்க வேண்டும். கொள்ளைநோய் வந்தால் அந்த நிபந்தனை உடையும். அப்போது எத்தனை லட்சம் பாலிசி இருந்தாலும் ஆட்டம் குறையாது. மறுகாப்பீடு (காப்பீட்டுக் கம்பெனியே இன்னொரு கம்பெனியிடம் எடுக்கும் காப்பீடு) அதற்காகத்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏசெட் தேர்ச்சி மட்டும் வைத்து வேலை தேடாதீர்கள். மூன்று நான்கு தாள்களாவது கையில் இருக்க வேண்டும். வேலையும் பெரும்பாலும் மும்பை, குருகிராம், பெங்களூரு, புனே பக்கம்தான். ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு, தோற்றால் மறுபடி கட்ட வேண்டும். அதனால் ஒரு பருவத்துக்கு ஒரு தாள் மட்டும் எழுதுங்கள்.


ஐந்து ரோடு:

இரட்டைப் பட்டம் பற்றி. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது உண்மை. இரண்டும் நேரடி வகுப்பு என்றால் நேரம் மோதக்கூடாது. அல்லது ஒன்று நேரடி, மற்றது தொலைநிலை அல்லது ஆன்லைன். அரசு கலைக் கல்லூரிகளில் ஷிப்ட் முறை இருந்தாலும் இரண்டு நேரடிப் பட்டம் என்பது நடைமுறையில் உடம்பு தாங்காது. மேத்ஸ் நேரடியாகவும், பொருளியலை இக்னோ அல்லது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் வைக்கலாம். சேர்வதற்கு முன் அந்த ஆண்டு அந்தப் படிப்புக்குத் மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவருக்கு அந்தப் பிரிவின் 'டெப் ஐடி' எண்ணும் எடுக்க வேண்டும். இக்னோ தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். உங்கள் செமஸ்டர் தேர்வு நீண்டால் டிசம்பரில் மோதும்.

என்னைக் கேட்டால் இரண்டாவது பட்டம் வேண்டாம். அதே உழைப்பில் ஐ.ஐ.டி.களின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் நுண்பொருளியல், எகனாமெட்ரிக்ஸ், நிகழ்தகவு மூன்றையும் முடிக்கலாம். படிக்கக் கட்டணமில்லை, தேர்வு எழுதத்தான் 1,000 ரூபாய். வார ஒப்படைப்புக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. ஒப்படைப்பில் 10ம் தேர்வில் 30ம் தனித்தனியாக எடுத்தால்தான் சான்றிதழ். பலர் ஒப்படைப்பில் 25க்கு 24 எடுத்துவிட்டுத் தேர்வில் 28இல் நின்றுவிடுவார்கள். கிரெடிட்டாக மாற்ற வேண்டுமானால் பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். படித்து முடித்த பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

பஸ் பயணம் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் புத்தகத்தைத் திறந்தால் தலைதான் சுற்றும். போக வர இரண்டரை மணி நேரம் போனால் வாரத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல். மேலே சொன்ன கூடுதல் பாடங்களுக்கு வாரம் ஏழு எட்டு மணி நேரம்தான் தேவை. சேலத்தில் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர் நல விடுதிகள் உண்டு. கல்லூரிச் சேர்க்கை முடிந்த அன்றே விண்ணப்பம் கொடுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே தாலுகா அலுவலகத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். என்பிடெல் கட்டணத்துக்கு அது போதும்.


மலைச்சாரல் (ஏற்காடு):

தெளிவாயிடுச்சு. மேத்ஸைத்தான் முதல்ல போடறேன், விடுதிக்கும் எழுதறேன். காலேஜ் திறக்கறதுக்குள்ள கையில இருக்கற பிளஸ் டூ கணக்கை வெச்சு எகனாமிக்ஸ்ல ஏதாவது ஒண்ணு செஞ்சு பாக்கலாமா?


செர்ரி ரோடு:

தாராளமா. நம்ம ஊர் சேகோசர்வ்ல (ஜவ்வரிசி ஆலைக்காரங்க கூட்டுறவுச் சங்கம்) ஜவ்வரிசியை மறைமுக டெண்டர்ல விப்பாங்கன்னு தெரியும்ல? ஒருத்தர் போட்ட விலை இன்னொருத்தருக்குத் தெரியாது. அதையே கணக்காக்குவோம், எண்கள் கற்பனை.

அஞ்சு வியாபாரிங்க. ஒரு மூட்டை அவங்கவங்களுக்கு 4,000லேருந்து 5,000க்குள்ள ஏதோ ஒரு மதிப்பு, எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு. உனக்கு மதிப்பு 4,600. அதிக விலை போட்டவருக்குச் சரக்கு, போட்ட விலையையே கட்டணும். 4,600ஐயே போட்டா ஜெயிச்சாலும் லாபம் பூஜ்ஜியம். ரொம்பக் குறைச்சா கிடைக்காது. மத்த நாலு பேரும் 4,000க்கு மேல இருக்கற மதிப்புல 80 சதவீதம் மட்டும் சேத்துப் போடறாங்கன்னு வை. நீ ஒரு விலை போட்டா, 4,000க்கு மேல எவ்வளவோ அதை 800ஆல வகுத்து, நாலாம் அடுக்குக்கு ஏத்தினா ஜெயிக்கிற நிகழ்தகவு. அதை லாபத்தோட பெருக்கு. 4,400 போட்டா எதிர்பார்க்கும் லாபம் 12.50. 4,550 போட்டா 11.17. நடுவுல உச்சம் எங்கன்னு வகையீடு போட்டுக் கண்டுபிடி. 4,480 வரணும், லாபம் 15.55.

விடை வந்ததும் கவனி: 480ங்கறது 600ல 80 சதவீதம். மத்தவங்க எந்த விதியில போடறாங்களோ, உனக்கும் அதே விதிதான் சிறந்ததுன்னு கணக்கே சொல்லுது. யாருக்கும் மாத்த ஆசை வராத அந்த நிலைக்குத்தான் நாஷ் சமநிலைன்னு பேரு. பேரத்துல கொஞ்சம் குறைச்சுக் கேக்கணும்னு எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு குறைக்கணும்னு சொல்றதுதான் கணக்கோட வேலை.

இது முடிஞ்சா வியாபாரிகளைப் பத்தாக்கிப் பாரு, அந்த 80 என்னவா மாறுதுன்னு சொல்லு. அப்புறம் கஷ்டமான ஒண்ணு: மதிப்பு ஆளுக்கு ஆள் வேறயா இல்லாம, சரக்கோட உண்மையான மதிப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான், ஆளாளுக்கு ஊகம்தான் வேறன்னா என்ன ஆகும்? ஜெயிச்சவர்தான் எல்லாரையும்விட அதிகமா ஊகிச்சவர், அதனால பெரும்பாலும் தப்பா ஊகிச்சவரும் அவரே. ஏல ஆய்வுக்காக 2020ல நோபல் வாங்கின மில்கிராமும் வில்சனும் இந்தச் சிக்கல்லதான் வேலை செஞ்சாங்க. அதை இப்போ முழுசா போட வராது, மூணாம் செமஸ்டர் புள்ளியியலுக்கு அப்புறம் தொடு.

முதல் ரெண்டையும் நோட்டுல வரி வரியா எழுதி இங்கே போடு தங்கச்சி, எந்த வரி எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன்.